காமன் கிரீடத்தில் ஒட்டிய வெள்ளி வில்லை

“அது கெடக்கட்டும் மதினி, ஸ்டோரு சங்கு இன்னைக்கும் பிந்தித்தானே ஊதுச்சு? அதுக்காக அந்தக் கரண்டு வேலக்காரத் தம்பியப் போட்டு ஏசாதீங்க. ஏசுனா எனக்குத்தான் நெஞ்சு பதறுது.”

ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். பள்ளிக்கூடம் போயிருந்தால் வருசத்தையும் சரியாகச் சொல்வேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னைத் தோட்டத்து லய வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தத் தம்பி இன்று டயகமவில் கடை வைத்திருக்கிறான். நான் போனால் தேத்தண்ணிக்குக்கூடச் சீனி பார்த்துத்தான் போடுவான், அது வேறு கதை. அம்மாவின் தம்பி, என் மாமா, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கரண்டு வேலை பார்த்தார். கரண்டில் ஊதுகிற காலைச் சங்கு அவர் பொறுப்பு. அதைக் கேட்டுத்தான் லயங்களில் அடுப்பு எரியும், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் பெரட்டுக் களத்துக்கு ஓடுவார்கள். பிறகு கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்தது. முகப்பில் சிவப்பாக மணி ஓடும். நேரம் வந்தால் சங்கைத் தானே ஊதிவிடும். சாவி மாமாவிடம் மட்டும்.

அந்த மாசி மாதம் காமன் கூத்தில் மாமாதான் மன்மதன். கையில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டியவர் மீனும் தொடக்கூடாது, சாராயமும் தொடக்கூடாது. மாமா முன்பு குடித்தவர்தான், மறைப்பானேன். அந்த வேசத்துக்காக அறவே விட்டிருந்தார். மாமாவின் மனைவி, என் அத்தை, அட்டையில் கிரீடம் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டினார். நடு நெற்றிக்கு மட்டும் பளபளவென்று ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு மத்தியானம் மாமாவுக்குச் சோறு கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்து வைத்துத் தேயிலைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தவர், கை கழுவப் போனார். உள்ளே ஒரு பச்சைத் தகட்டில் வெள்ளிக் காசு மாதிரி ஒரு வில்லை. நகத்தால் நெம்பினேன், கையோடு வந்துவிட்டது. பயந்துபோய்ச் சிவப்பு எழுத்தைப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சும்மா அழகுக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். எவ்வளவு பெரிய இஞ்சினியர் பாருங்கள்! ரோட்டில் கிடந்தது என்று சொல்லி அத்தையிடம் கொடுத்தேன். அவரும் மகிழ்ந்துபோய்க் கிரீடத்தின் நெற்றியில் ஒட்டினார்.

பத்துப் பன்னிரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு ஓர் இரவு மழையில் கரண்டு போய், எல்லாரும் தூங்கும்போது திரும்ப வந்தது. காலையில் மூடுபனிக்குள் லயமே சங்குக்குக் காத்துக் கிடந்தது. அது ஊதியபோது பெரட்டு முடிந்திருந்தது. பாதிப் பேரை வேலையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

“காப்புக் கட்டுன கையோட குடிச்சிட்டுக் கெடந்தியாடா?” என்று கூத்து வாத்தியார் வாசலில் நின்று கத்தினார்.

“மாரியாத்தா மேல சத்தியமா தொடலைங்க. பெட்டிதான் பிசகிப்போச்சு.”

“இதுக்கு முந்தி எத்தன தடவ கரண்டு போயிருக்கு? ஒரு நாளாச்சும் பிசகுச்சா?”

உண்மையாகவே அது ஒரு நாளும் பிசகியதில்லை. அன்றைக்கே காப்பை அறுத்து, வேசத்தையும் கிரீடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கொழும்பு ஆள் வந்து பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பேட்டரியைக் காணோம் என்றார். அவ்வளவுதான், மாமா அதை விற்றுக் குடித்துவிட்டார் என்று தோட்டமே பேசியது.

“ஒரு வேசம் கட்டுற வரைக்குமாச்சும் பொறுக்க முடியலையா ஒங்களுக்கு?” என்று அத்தை அழுதார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் தெரிந்த பேட்டரி, அப்பாவின் டோர்ச்சில் போடுகிற தடித்த உருளை. அதை நான் தொட்டதே இல்லையே!

தண்ணீர் பிடிக்கிற பீலியில் பிள்ளைகள் “ஏய், குடிகாரன் மருமவளே” என்று கூப்பிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. “அவரு எங்க மாமா இல்ல” என்று கத்தினேன். திரும்பினால், வாளியோடு மாமா நிற்கிறார்.

“தள்ளிக்க புள்ள” என்றார். வாளியைப் பீலிக்கடியில் வைத்தார்.

அந்த வருசமே அவர் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டார். அத்தை அவரோடு போகவில்லை. மாமா அங்கேயே செத்தும் போனார்.

போன கிழமை பேத்தியின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் டவுனுக்குப் போனோம். எப்போது திறந்தாலும் ஏதோ பழைய வருசத்தைக் காட்டுகிறதாம். கடையில் இருந்த பெண் அதைக் கழற்றி ஒன்றை வெளியே எடுத்தாள். பார்த்தால், அதே வெள்ளி வில்லை!

“இது என்னா புள்ள?” என்றேன்.

“பேட்டரிம்மா. கரண்டு இருக்கிற வரைக்கும் இதுக்கு வேலையே இல்ல. உள்ள ஒரு பளிங்குத் துண்டு நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் தடவ துடிக்குது. இந்தா, இந்தக் குட்டிச் சில்லு அத எண்ணி எண்ணித்தான் நேரம் வச்சிருக்கு. கரண்டு நின்னதும் தானா பேட்டரிக்கு மாறிக்கிட்டு எண்ணும். பேட்டரி இல்லன்னா அம்புட்டும் மறந்துரும். கரண்டு வந்ததும் மொதல்ல இருந்து தொடங்கும்.”

“அப்ப எங்க மாமா குடிக்கவே இல்லடி!” என்று கடையிலேயே கையைத் தட்டிச் சிரித்துவிட்டேன். பேத்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உடம்பெல்லாம் கூசியது.

மாமாவால் எனக்கு வெட்கம் என்று அன்று பீலியில் நின்று கத்தினேன். அந்த வெட்கத்தை அவர்மேல் ஏற்றிவைத்ததே நான்தான் என்று அந்த எட்டு வயதுக்குத் தெரியவில்லை.

அத்தை இப்போது என் வீட்டில்தான் கிடக்கிறார். இன்னமும் மாமாவைத்தான் ஏசுகிறார். நேற்றும் ஏசினார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், கஞ்சியை ஊட்டிவிட்டு வந்துவிட்டேன்.

“இந்தா, அத்த கூப்புடுது மதினி. வெந்நி கொதிச்சிருச்சு போல, குளிக்க வைக்கணும். நான் போறேன்.”