தங்கை கல்யாணமும் கதவுக்கு மேலிருந்த மெயின் போர்டும்

1972 வைகாசியில், கடத்தூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், என் தங்கைக்குக் கல்யாணம். எனக்கு அப்போது அரூரில் குமாஸ்தா வேலை. இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டேன். இன்றும் அந்தக் கல்யாணத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சந்தோஷம் இல்லை, கோபம்தான்.

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது அப்பா எழுதிக் கேட்டது நான்கு விளக்குகளுக்கு. அதற்குத் தகுந்தாற்போல வாசற்கதவுக்கு மேலே ஒரு மரப்பலகை. அதில் மீட்டர், ஒரு சுவிட்ச், இரண்டு பீங்கான் பியூஸ். அவ்வளவுதான். அப்பா காலமான பிறகு அண்ணன் ரேடியோ வாங்கினார், மின்விசிறி வாங்கினார், கிணற்றுக்குச் சின்ன மோட்டார் போட்டார். பலகை மட்டும் அப்படியே இருந்தது. தொட்டால் சுடும். சில சாயங்காலங்களில் ரப்பர் தீய்ந்த வாடை வரும். நான் சொன்னால், வாடை உனக்கு மட்டும்தான் வருகிறது என்பார்கள்.

எதையும் எண்ணிப் பார்ப்பது என் சுபாவம். கல்யாணத்துக்கு வரப்போவதை எண்ணினேன். எட்டு டியூப் லைட், ஆறு சரம் சீரியல் பல்பு, மைக் செட். இத்தனையும் நான்கு விளக்குக்குப் போட்ட பலகையிலிருந்து! போதாதற்குத் தென்னங்கீற்றுப் பந்தல் அந்தச் சுவரை ஒட்டித்தான். ஒரு ஒயர்மேனைக் கூட்டிவந்து காட்டினேன்.

"பலகைய எடுத்துட்டு இரும்புப் பொட்டி மெயின் வெச்சுருங்க. ஒரு நாள் வேலைங்க. சுவத்தைக் கொஞ்சம் கொத்தணும்," என்றார் அவர்.

கொத்தணும் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் தாய்மாமா எழுந்துவிட்டார். முந்தின நாள்தான் பந்தக்கால் நட்டிருந்தோம்.

"பந்தக்கால் நட்ட வூட்டுச் சுவத்துல உளி படலாமா? படிச்சவன் பேசற பேச்சாடா இது?"

"பந்தல் கட்ட நீங்களே காலையில அதே சுவத்துல ஆணி அடிச்சீங்களே மாமா?"

"அது பந்தலுக்கு அடிச்ச ஆணி. அது வேற, இது வேற."

அண்ணன் சிரித்தார். "விடுங்க மாமா. இவன் பஸ்ஸுல ஏறினாலும் சக்கரத்தை எண்ணிட்டுத்தான் ஏறுவான்." சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒயர்மேன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தங்கை மட்டும் உள்ளிருந்து, "அந்தப் பலகைக்கு அடியிலதானே நான் வந்து போகணும்?" என்று கேட்டாள். "கல்யாணப் பொண்ணு இதையெல்லாம் பேசக்கூடாது கண்ணு," என்று மாமா அவளையும் அடக்கிவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சீரியல் பல்பு எரிந்த கொஞ்ச நேரத்தில் பியூஸ் போனது. மறுபடி போட்டார்கள், மறுபடி போனது. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மெல்லிய கம்பி போட வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பியை மடித்து முறுக்கிச் சொருகினார். "இனி எவன் வந்தாலும் போவாது," என்று பெருமை வேறு. கம்பி போகவில்லைதான். சுமை கூடினால் உருகிப் போக வேண்டியது அதுதானே! அது போகாவிட்டால் வேறென்ன போகும் என்று யோசிக்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் தண்ணீர் கேட்டதால் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். பலகையில் படபடவென்று பொறி பறந்தது. பலகை பற்றிக்கொண்டது. மேலே கீற்று புகைய ஆரம்பித்தது. வீட்டுக்குள்ளே தங்கையும் ஐந்து பெண்களும். வெளியே வர வேண்டிய கதவுக்கு மேலேதான் நெருப்பு. பின்கதவை அரிசி மூட்டை அடுக்கி அடைத்து வைத்திருந்தார்கள்.

மாமா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கரண்ட் ஓடுகிற பலகையில் தண்ணீர்! நான் குடத்தைப் பிடித்து இழுத்தேன். "வுடுடா, வூடே எரியுது!" என்று அவர் இழுத்தார். தண்ணீர் முழுவதும் எங்கள் இருவர் மேலும் கொட்டியது. அதற்குள் மைக் செட்காரர் மூங்கிலால் கீற்றை நெம்பிக் கீழே தள்ளினார். சமையல்காரர்கள் அடுப்படி மணலை வாரி வாரி வீசினார்கள். தெருக் கம்பத்தில் பியூஸ் போன பிறகுதான் பொறி நின்றது. பெண்கள் மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் பின்பக்கமாக வந்தார்கள். தங்கையின் முகூர்த்தப் புடவை முழுக்கத் தவிடு.

தாலி கட்டி முடிந்தது. மாமா ஈர வேட்டியோடு உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்கிறார்: "பந்தக்கால்தான் காப்பாத்துச்சு. இவன் பேச்சைக் கேட்டுச் சுவத்தைக் கொத்தியிருந்தா இன்னும் என்னென்ன ஆயிருக்குமோ!" எனக்கு எப்படி இருந்திருக்கும்? அண்ணனோ கருகிய பலகையைப் பார்த்துவிட்டு, "ஆடி கழியட்டும், ஆவணியில பாத்துக்கலாம். அது வரைக்கும் ஒட்டுப்போட்டு ஓட்டலாம்," என்றார். நான் கத்தினேன். கல்யாண வீட்டில் கத்தாதே என்று என்னைத்தான் அடக்கினார்கள்.

புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது தங்கை காரில் ஏறாமல் நின்றாள்.

"பெரியண்ணா, மெயினை மாத்தினாத்தான் நாங்க மறுவூட்டுக்கு வருவோம். மாத்தலீன்னா அந்த விருந்தை நீங்களும் மாமாவும் உக்காந்து சாப்புட்டுக்குங்க."

அண்ணன் முகம் செத்துப்போனது. மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர், "அவ சொல்றது சரிதானுங்களே மச்சான்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வரவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? மறுநாள் காலையிலேயே அதே ஒயர்மேன் வந்து சுவரைக் கொத்தினார். பந்தக்கால் இன்னும் பிடுங்காமல் வாசலில்தான் நின்றது. ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நல்லா ஆழமாக் கொத்துப்பா," என்று சொன்னவர் வேறு யாரும் இல்லை, எங்கள் மாமாதான்.

தங்கை இன்று பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறாள். ஆனாலும் அவள் உயிருக்காக இறங்காத உளி ஒரு விருந்தின் மானத்துக்காக இறங்கியதே என்று நினைக்கும்போது, இத்தனை வருடம் கழித்தும் என்னால் அவர்களை மன்னிக்க முடியவில்லை.