அங்கி போட்டவருக்குப் பசிக்காது

இந்தத் தவக்காலத்தில் புதன், வெள்ளி இரண்டு நாளும் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று என் மகள் நேர்ந்துகொண்டாள். இறையியல் படிக்கிற பிள்ளை, தெரிந்துதான் செய்கிறாள் என்று விட்டுவிட்டேன். போன வெள்ளி செவன் கிங்ஸ் ஸ்டேஷன் படிக்கட்டில் மயங்கி விழுந்து, நெற்றியில் மூன்று தையல். யாரோ ஒரு மனுஷி தன் கைப்பையிலிருந்து ஜூஸ் எடுத்துக் கொடுத்தாளாம். அவளுக்கு நன்றி சொல்ல நினைப்பதற்கு முதலே எனக்கு அவள்மேல் பொறாமைதான் வந்தது. என் பிள்ளை கண் திறந்தபோது முதலில் பார்த்தது அவளுடைய முகத்தை. இந்த வயதிலும் என் புத்தி இப்படித்தான் போகிறது.

அன்றிலிருந்து அவள் சாப்பிடும்போது எதிரே இருந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அம்மா, ஐ ஆம் ஈட்டிங், ஓகே?" என்கிறாள். நேற்று டோஸ்டைக் கடித்தபடியே தான் எழுதும் கட்டுரையிலிருந்து கொஞ்சம் வாசித்துக் காட்டினாள். கிறிஸ்து உண்மையில் மனிதராக இருக்கவில்லை, மனிதரைப் போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்று ஆதியில் வாதாடிய ஆட்களைப் பற்றியது. அவருக்கு நொந்ததும் பசித்ததும் வெறும் தோற்றம் என்பது அவர்கள் கட்சி. ஒரு பெரிய படிப்பாளி, அவர் உண்டார், குடித்தார், ஆனால் நம்மைப் போல அதைக் கழிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை என்று எழுதினாராம். மகளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. ஒருவருக்குப் பசிக்கக்கூடாது என்று யார் இப்படி மினக்கெட்டு வாதாடுவார்கள் என்று கேட்டாள்.

எனக்கு ஒருத்தியைத் தெரியும் என்று சொல்ல வாய்வரை வந்தது. தேத்தண்ணியைக் குடித்துச் சமாளித்தேன்.

உங்களுக்குச் சொல்லலாம். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அப்போது நான் பிளேஸ்டோவில் ஒரு அறையில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ நாகரிகம் ஒரு பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கிய ஆள், லண்டனில் ஒரு லோண்டரியில் சட்டைகளுக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டத்தை விரித்துக் காட்ட எனக்கு இருந்த ஒரே இடம் பக்கத்துக் கோவில் மண்டபம். மெழுகு பூசிய பலகைத் தரையும் காஸ் ஹீற்றரும் சேர்ந்த அந்த மணம் இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடி, குருத்து ஞாயிறன்று போடுவதற்காக இயேசுவின் சிலுவைப் பாடுகளின் நாடகக் காட்சி பழகினோம். ஒத்திகைக்கு முன் அரை மணி நேரம் வேத விளக்கம். விளக்குவது நான். வேறு யார்?

ஊரில், அப்பாவின் காலத்தில், இந்தக் காட்சியில் பிலாத்துவும் சேவகரும் ஆட்களாக வருவார்கள். இயேசு மட்டும் சுரூபம். கை கால் அசைகிற மரச் சுரூபம். ஒரு பாவி எப்படி இயேசுவாக நிற்கலாம் என்ற பயம். பிளேஸ்டோவில் சுரூபத்துக்கு எங்கே போவது? அதனால் எங்களில் ஒருவரான அன்ரன் இயேசுவானார். மெலிந்த உடம்பு, இயல்பாகவே தாடி, யாரையும் கடிந்து பேசாத சுபாவம். ஆனால் ஆட்களுக்கு அந்தப் பழைய பயம் போகவில்லை. அன்ரன் அங்கியைப் போட்டுவிட்டால் ஒருவரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பகிடி விடுவதில்லை. அங்கியோடு அவர் டொயிலட்டுக்குப் போனபோது வாசலில் நின்ற இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மகள் சொன்ன படிப்பாளி அங்கே இருந்திருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்த அங்கியை அயன் பண்ணி மடித்துக் கொடுப்பது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கிய வேலை. ஏன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

அன்ரனுடைய இரகசியம் ஒன்றும் என்னிடம் இருந்தது. அவருக்கு இன்சுலின் போடுகிற சீனி வருத்தம். இங்கிலீஷ் காணாது என்று கிளினிக்குக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மயங்கி விழுவார் என்று டொக்டர் சொன்னதைத் தமிழில் அவருக்குச் சொன்னது நான். திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஒருதருக்கும் சொல்லிப்போடாதையும், என்ன. பிறகு ஒருதரும் பொம்பிளை தரமாட்டினம்" என்றார். பொம்பிளைக்கு ஏன் அலைய வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த இரகசியத்தை ஒரு மோதிரம் போல வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இனி றீற்றா. பெற்றோல் ஸ்டேஷனில் கல்லாவில் நின்றவள். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. காட்சியில் அவள் வெரோணிக்கா, இயேசுவின் முகம் துடைப்பவள். ஒரு சனிக்கிழமை நான் இந்தத் தோற்றக்காரரைப் பற்றித்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்களை எதிர்த்த ஆயர் ஒருவர், மிருகங்களுக்கு இரையாகச் சங்கிலியோடு உரோமைக்குப் போகும் வழியில், கிறிஸ்து பட்டது வெறும் தோற்றமென்றால் நான் எதற்காகக் கட்டுண்டு போகிறேன் என்று கேட்டு எழுதியதைச் சொல்லி, எல்லோரும் வாய் பிளப்பார்கள் என்று காத்திருந்தேன். றீற்றா நடுவில் கேட்டாள்:

"அப்ப அக்கா, மாதா பால் குடுத்ததும் சும்மா நடிப்போ?"

மண்டபமே சிரித்தது. அன்ரன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருடம் படித்த படிப்பை ஒரு வரியில் அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று எனக்குப் பட்டது. படிப்போடு அவரையும்.

குருத்து ஞாயிறு. காட்சி மூன்று மணிக்கு. அன்ரன் பன்னிரண்டு மணிக்கே அங்கியைப் போட்டு, முள்முடியைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் தனியாக இருந்தார். இரண்டு மணியளவில் றீற்றா ஒரு தட்டில் மீன் ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். சுடச்சுடப் பொரித்த மணம். நான் கதவடியில் வசனக் கொப்பியோடு நின்றேன்.

"நேரத்துக்குச் சாப்பிடோணும், அக்கா. அவருக்குச் சீனி. ஊசி போடுறவர். உங்களுக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாதா! அவளுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. என்னிடம் மட்டும் இருந்ததாக நினைத்த ஒன்று அவளிடமும் இருந்தது. அவளிடம் அதற்கேற்ற சாப்பாடும் இருந்தது. நான் மறைத்து மினுக்கியதை அவள் பொரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அங்கி போட்ட பிறகு சாப்பிடக்கூடாது. ஊரிலை சுரூபம். சுரூபம் ரோல்ஸ் சாப்பிடுமோ?" என்றேன். உள்ளே கேட்கும்படியாகவே சொன்னேன். பக்கத்தில் நின்ற வயதானவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். றீற்றா தட்டோடு திரும்பிப் போனாள். அன்ரன் அறைக்குள்ளேயே இருந்துவிட்டார். படித்தவள் சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று நினைத்திருப்பார். கடிந்து பேசாத ஆள்.

சிலுவைப் பாதையில் இயேசு மூன்று தரம் விழ வேண்டும். முதல் விழுகை சரியான இடத்தில் நடந்தது. இரண்டாவது, வெரோணிக்கா முகம் துடைத்த பிறகு வர வேண்டியது, முன்னதாகவே வந்துவிட்டது. சிலுவையோடு சரிந்தார். சேவகனாக வந்தவர் பழகியபடி கயிற்றால் அடித்துக்கொண்டேயிருந்தார். சனம் அழுதது. என்ன தத்ரூபம் என்று முன்வரிசையில் யாரோ மூக்கைச் சீறினார்கள். அவர் உண்மையாகவே விழுந்துகிடக்க, மண்டபம் நிறைந்த சனம் அதைத் தோற்றம் என்று பார்த்து உருகியது. அது தோற்றமில்லை என்று அந்தக் கணத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு செபம் சொல்லி முடிக்கிற நேரம் அசையாமல் நின்றேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே சரியாக விளங்கவில்லை. ஓடிப்போனால் என்ன செய்தேன் என்று தெரிந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

றீற்றா தன் முறைக்குக் காத்திருக்காமல் சேலையோடு ஓடி வந்தாள். முகத்தைத் துடைத்தவள், அந்த வேர்வையைப் பார்த்ததும் திரும்பி ஓடிப் பிளாஸ்கை எடுத்து வந்தாள். மேடை நடுவில் அவர் தலையை மடியில் வைத்து, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியை மூடியால் பருக்கினாள். முன்வரிசைக் கிழவி ஒருத்தி, "சேசுவுக்குத் தேத்தண்ணி பருக்கிறாள், இவளுக்கென்ன விசரோ" என்றாள். அன்ரன் மெல்லக் கண் திறந்து றீற்றாவைப் பார்த்தார்.

பிறகு நடந்தது நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். அடுத்த வருடம் கல்யாணம், சட்டனில் வீடு. எனக்கும் நல்ல மனிதர் ஒருவர் வாய்த்தார். அவரைப் பற்றிக் குறையொன்றும் இல்லை. ஆனால் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் றீற்றா அவருடைய தட்டை எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு அகப்பை போடுங்கோ" என்று சாதாரணமாகச் சொல்வாள். அந்தச் சாதாரணத்தைக் கண்டு எனக்கு வயிறு எரியும். வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்த அக்காவின்ரை பக்தி ஒருதருக்கும் வராது. அண்டைக்கு அங்கியோடை சாப்பிட விடேல்லை" என்று பெருமையாகச் சொல்வாள். அன்ரன் சிரித்துக்கொண்டு சோற்றைக் குழைப்பார்.

அந்தப் பழைய தோற்றக்காரரையும் நான் இப்போது கொஞ்சம் வேறு விதமாகத்தான் பார்க்கிறேன். கிறிஸ்துவுக்கு உடம்பு இருந்தால், வழியில் போகிற எவளும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கலாம், எண்ணெய் தேய்க்கலாம், மீன் சுட்டு வைக்கலாம். பசி இல்லாதவராக ஆக்கிவிட்டால் அவர் படித்தவர்களுக்கு மட்டும்தான். சிலரேனும் இப்படி எரிந்துதான் வாதாடியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன மாரிக் குளிரில் அன்ரன் போய்விட்டார். சிறுநீரகம். செத்த வீட்டுச் சனமெல்லாம் போன பிறகு ஒரு நாள் சட்டனுக்குப் போனேன். குளிர்பெட்டிக் கதவில் அவருடைய இன்சுலின் பேனைகள் அப்படியே இருந்தன. இதைப் பார்மசி திருப்பி எடுக்குமோ என்று றீற்றா கேட்டாள். அப்போதுதான் சொன்னேன், அன்றைக்கு அது பக்தியில்லை, எரிச்சல், தெரிந்துதான் மறித்தேன் என்று.

அவள் என்னை நம்பவில்லை. "சும்மா இருங்கோ அக்கா. செத்த வீட்டிலை எல்லாருக்கும் இப்பிடித்தான், தாங்கள்தான் பிழை விட்டமெண்டு நினைக்கிறது" என்று என் கையைத் தடவினாள். ஆறுதல் சொல்லும் உரிமையும் அவளுக்குத்தான்.

அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது பிளாட் கட்டிவிட்டார்கள். குருத்து ஞாயிறுக் காட்சி வேறெங்கோ பெரிய அரங்கில், பதிவு செய்த குரலுக்கு வாயசைத்து நடக்கிறது; இயேசுவாக வருகிற பெடியன் இடைவேளையில் அங்கியோடேயே பேர்கர் சாப்பிடுகிறான், ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அன்ரன் போட்ட அந்த அங்கி எந்தப் பெட்டியோடு போனது என்று யாருக்கும் தெரியாது. தட்டு திரும்பிப் போன பிறகு அந்தச் சின்ன அறைக்குள் அன்ரன் இருந்த ஒரு மணித்தியாலத்தில் அவருக்கு எவ்வளவு பசித்தது, நான் சொன்னதைக் கேட்டு என்ன நினைத்தார் என்று இத்தனை நத்தார்களில் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். பதில் தெரிந்த ஒருவர்தான் இருந்தார்.