நத்தைக்கு நூல் எடுத்தது

சிங்கப்பூர் மியூசியத்தில் எனக்குப் படம் வரைகிற வேலை. வேலை கௌரவமானதுதான். ஆனால் பொழுது முழுவதும் செத்ததோடும் சாகப்போவதோடும் உட்கார்ந்திருக்க வேண்டும். மீன், நண்டு, பாம்பு, எது வந்தாலும் கடைசியில் சாராயப் புட்டிக்குள் போய்விடும். இந்த ஊர்க் குடிகாரர்கள் எங்கள் அறைக்குள் வந்து பார்த்தால் வயிறெரிந்து போவார்கள். சாராயத்தில் உருவம் நிற்கும், நிறம் நிற்காது. கொஞ்ச நாளில் எல்லாமே சாம்பல் பூத்த கட்டிதான். நிறம் போவதற்குள் அதைக் காகிதத்தில் ஏற்ற ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்.

அதற்கு முன் நான் மாதா கோயில்களில் சுரூபங்களுக்கு, அதாவது சிலைகளுக்கு, வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். மேலங்கிக்கு நீலம், உள்ளங்கிக்குச் சிவப்பு, ஓரத்துக்குப் பொன். நாகப்பட்டினம் பக்கம் சில கோயில்களில் பூசிவிட்டுக் கப்பலேறி இங்கே வந்தும் அதைத்தான் செய்தேன். மியூசியத்துத் துரை அப்படி ஒரு சுரூபத்தைப் பார்த்துத்தான் என்னை வேலைக்கு எடுத்தார். அதுவே பின்னால் எனக்கு வினையாக வந்தது.

சேர்ந்த புதிதில் ஓடில்லாத கடல் நத்தை ஒன்று வந்தது. அட்டை என்று சிலர் சொல்வார்கள், அட்டை இல்லை. நத்தைதான், ஓட்டை எங்கேயோ தொலைத்துவிட்ட நத்தை. ஒரு வெற்றிலையில் பாதி இருக்கும். பால் வெள்ளை உடம்பு, அதில் கத்திரிப்பூ நிறத்தில் பொட்டுகள், சிவந்த கொம்பு இரண்டு, பின்புறம் பூக்கொத்து மாதிரி செவுள். உடம்பைச் சுற்றிப் பாவாடை விளிம்பு போல மஞ்சள் ஓரம். நடக்கும்போது அந்த ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். சொக்கிப்போய் வரைந்தேன். உடம்பு சாராயத்திலும் படம் உறையிலுமாகச் சீமைக்குப் போயின. அங்கே ஆயுள் முழுக்க இந்த நத்தைகளையே பார்த்துவந்த பண்டிதர் ஒருவர் இருந்தார்.

அவர் பதில் எழுதினார். நத்தையின் நாக்கில் அரம் மாதிரி பல்வரிசை உண்டு. அதைப் பார்த்தால் இது சாதாரணமாகக் கிடைக்கும் வெளிறிய இனம்தான் என்றார். படத்தைப் பற்றி, வரைந்தவர் சுரூபங்களுக்கு வர்ணம் பூசியவர் என்று அறிகிறேன், பழக்கம் விடவில்லை போலும் என்று முடித்துவிட்டார். துரை அதை எனக்கு வாசித்துக் காட்டினார். திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் படங்கள் பார்சலோடு போகவில்லை, அலமாரி அறைக்குள் போயின. நான் வரைவேன், அவர் நன்றாயிருக்கிறது என்பார், கதவைச் சாத்துவார். வருடக்கணக்காக இப்படி. கண்ணால் கண்டதைக் கண்டேன் என்று சொல்லி நம்பவைக்க முடியாத அலுப்பு எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த நத்தை இன்னொரு முறை வர வேண்டும், நான் பொய் சொல்லவில்லை என்று ஒருவராவது சொல்ல வேண்டும்.

என் மனைவி மாதா கோயில் பீடத்துணிகளுக்குப் பூவேலை செய்பவள். என் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து ஒரு நாள் சொன்னாள்.

"சாயத்த நீங்க கலக்குறீங்க, அதான் அவுக நம்பல. நூலு கடையில இருக்கு. அதையுமா நீங்க கலக்குனீங்க? அடுத்த தடவ வந்தா அதுக்கு ஏத்த நூலா எடுத்து அனுப்புங்க."

வழக்கம்போல் ஊம் கொட்டிவிட்டுப் படுத்தேன். ஆனால் மனசில் தங்கிவிட்டது.

தஞ்சோங் பகார் பக்கம் கடலைத் தூர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கடலில் கழிகளை நட்டுக் கெலோங் கட்டி மீன் பிடித்த மலாய்க்காரர் ஒருவர், கழிகளைப் பிடுங்கிக்கொண்டு வேறிடம் போகும் நேரத்தில், ஒரு கழியில் ஒட்டியிருந்ததைத் தகர வாளியில் போட்டுக்கொண்டு காலையில் மியூசியத்துக்கு வந்தார். எட்டிப் பார்த்தேன். அதே கொம்பு, அதே ஓரம். இவ்வளவு காலம் எங்கே போயிருந்தாய் என்று அதனிடம் கேட்கத் தோன்றியது.

துரை வாளியைப் பார்த்தார். சாயங்காலம் தண்ணீரில் பேதி உப்பைக் கரைத்து விடலாம், கொம்பை இழுத்துக்கொள்ளாமல் தூங்கியபடியே சாகும், அதுவரை உன்னுடையது என்றார். நான் அதைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, வாயில் துணி கட்டி, நேரே சுண்ணாம்புக் கம்பத்துக்கு நடந்தேன். சிராங்கூன் ரோட்டை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். என் மனைவி நூல் வாங்கும் பாய் கடை அங்கேதான் இருந்தது. ரிக்‌ஷாவில் குலுங்குமே என்று நடந்தே போனேன். மாட்டு மந்தை ஒன்று வழி முழுவதும் அடைத்துக்கொண்டு வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்று மாடுகளையும் என் தலையெழுத்தையும் திட்டினேன்.

பாய் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? வூட்ல துணி குடுத்து வுடலயா?"

"இதுதான் பாய் துணி. இதுக்கு ஏத்த நூலு வேணும்."

வேறு யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள். பாய் சிரிக்கவில்லை. கடைக்குள் நிறம் பார்க்கக் கூடாது என்பது அவர் சட்டம். ஜாடியை வாங்கிக்கொண்டுபோய் வாசல் வெளிச்சத்தில் பலகைமேல் வைத்தார். பட்டு நூல் சுருள்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். பொட்டுக்குக் கத்திரிப்பூ சட்டென்று அமைந்தது. கொம்புக்கு நான் சிவப்பைக் காட்டினேன், அவர் தள்ளிவிட்டு அரக்கை எடுத்தார். அதுதான் சரி. ஓரத்தில்தான் தகராறு.

"மஞ்ச எடுங்க பாய்."

"இது மஞ்சயா? நல்லாப் பாருங்க. பழுத்த மாம்பழம்."

"நான் எத்தன வருசமா வர்ணம் பூசுறேன்..."

"பூசுங்க. நான் நூலு விக்கிறேன்."

நத்தை ஓரத்தைத் தூக்கிப் போட்டது. பாய் மாம்பழ நூலைப் பக்கத்தில் நீட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

உடம்பின் வெள்ளைக்கு நூல் எடுப்பதில்தான் நேரம் போய்விட்டது. பாய் கடையில் வெள்ளையில் அத்தனை வெள்ளை இருந்தது. ஒருவழியாக அமைந்தபோது ஜாடியைத் தொட்டேன், வெதுவெதுவென்றிருந்தது. நத்தையின் ஓரம் தொங்கிவிட்டது. கொம்பு அசையவில்லை. குலுங்கினால் குலுங்கட்டும் என்று ரிக்‌ஷா பிடித்து ஓடினேன். மியூசியப் படியேறும்போது ஜாடியில் நத்தை இல்லை, கலங்கின கஞ்சித் தண்ணீர்தான் இருந்தது. வெயிலில் செத்த நத்தை அப்படித்தான், கரைந்துபோகும். அதற்குமேல் பேதி உப்பும் தேவைப்படவில்லை, சாராயமும் தேவைப்படவில்லை.

துரை கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். நூலை இங்கே கொண்டுவந்திருக்கலாமே?

அந்த யோசனையே எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் துணிதான் கடைக்குப் போகும். நூல் வீட்டுக்கு வந்து துணியைப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. துணியில்லாமல் போனால் பாய் நூலைத் தொடவும் விடமாட்டார். மனைவி கொடுக்கும் விரலளவு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எத்தனை தடவை நடந்திருக்கிறேன். அதே கால்கள், அதே வழி. இதையெல்லாம் துரைக்கு எந்தப் பாஷையில் விளக்குவது? ஜாடியைக் கழுவி வைத்தேன்.

நூல்களை ஓர் அட்டையில் சுற்றி, எது எந்த இடத்துக்கு என்று எழுதி, நினைவிலிருந்து ஒரு படமும் வரைந்து கொடுத்தேன். உடம்பு இல்லையே என்று துரை தயங்கினார். பிறகு அவருக்கே என்மேல் பரிதாபம் வந்ததோ என்னவோ, அட்டையையும் படத்தையும் அனுப்பிவிட்டார். மாதங்கள் போயின. நான் நண்டு வரைந்தேன், தவளை வரைந்தேன், காய்ச்சலில் படுத்து எழுந்து மறுபடி நண்டு வரைந்தேன்.

பதில் வந்தது. பண்டிதர் நூல்களை என் பழைய படத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறார். கடையில் விற்கிற நூலும் அந்தப் படமும் ஒரே கதையைச் சொல்லவே, பழைய புட்டியைத் திறந்து பல்வரிசையை மறுபடி பார்த்திருக்கிறார். முதலில் பார்த்தது தவறு. இது வேறு இனம். ரொம்ப காலத்துக்கு முன் எங்கேயோ ஒரு தூரக் கடலில் ஒரே ஒரு முறை பிடிபட்டு, நிறங்களை எழுத்தால் மட்டும் குறித்துவைத்த நத்தை. அதன் பின் யாரும் கண்டதில்லை. துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று நான் வீட்டுக்கு நடந்தது நினைவில்லை.

அப்புறம் நத்தையைப் பற்றிப் பண்டிதர் எழுதி அச்சான பக்கம் வந்தது. கறுப்பு மையில் இருந்தது. வர்ணத்தில் அச்சடிக்க வசதியில்லையாம். பொட்டு கறுப்பு, கொம்பு கறுப்பு, ஓரம் ஒரு கோடு. நூல் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிறத்துக்காகத்தானே நான் இத்தனையும் பட்டது? எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் வந்தது.

அந்த வாரம் மனைவி பீடத்துணித் துண்டு ஒன்றைக் கொடுத்து நூலுக்கு அனுப்பினாள். பையில் அந்த அச்சுப் பக்கமும் இருந்தது. ஏன் எடுத்துக் காட்டினேன் என்று தெரியவில்லை. பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எது இது?"

"அன்னைக்கு ஜாடியில கொண்டாந்தேனே, அதுதான் பாய்."

"அதுவா? நிறத்த எல்லாம் எங்க போட்டாங்க?"

பாய் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து பக்கத்தை வாசல் பலகைமேல் விரித்தார். ஜாடி இல்லை, நத்தை இல்லை, ஒன்றையும் ஒத்துப் பார்க்காமல் பொட்டின்மேல் கத்திரிப்பூ நூலை வைத்தார், கொம்பின்மேல் அரக்கு வைத்தார், ஓரக் கோட்டின்மேல் மாம்பழத்தை வளைத்து வைத்தார்.

"யாராச்சும் இல்லன்னு சொன்னா இங்க அனுப்புங்க தம்பி. நான் பாத்தேன்ல."

எனக்கு அழுகை வந்தது. கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் அதைக் கண்டுகொள்ளாமல் கையை நீட்டி, வூட்ல குடுத்த துணி எங்கே என்று கேட்டார்.