மழைமானியும் எதிர் லயத்துக் கொடியும்

எங்க தேயிலைத் தோட்டத்துல மழையை அளக்குறவ நான்தான். மண்சரிவு ஆபீஸ்காரங்க வந்து, லயத்து வரிசை வீடுங்கள்ல ஓ.எல். வரைக்கும் படிச்சவ யாருன்னு கேட்டு, அந்த மழைமானியை என் தலையில கட்டிட்டுப் போனாங்க. பெருசா ஒன்னுமில்ல. மேல ஒரு புனல், கீழ கோடு போட்ட குழாய். பேஞ்ச மழை ஓடாம, ஊறாம, காயாம தரையில அப்படியே நின்னா எவ்வளவு உசரம் நிக்குமோ அதுதான் கணக்கு. தினம் காலைல கண்ணுக்கு நேரா வச்சுப் பாத்து, போன்ல ஆபீசுக்கு அனுப்பிட்டு, தண்ணியைக் கொட்டிடணும். சிவப்புக் கோட்டைத் தொட்டா லயத்தையே கிளப்பணும்.

கூரையும் மரமும் இல்லாத இடத்துல வைக்கணும்னாங்க. அப்படி இருந்தது எங்க லயத்துக்கும் எதிர் லயத்துக்கும் நடுவுல உள்ள வாசல் மட்டுந்தான். அங்கதான் வந்துச்சு வினை. எதிர் லயத்துக்காரி ஒருத்தி, என்னைவிடச் சின்னவ, அதுக்கு நேர் மேல துணிக்கொடி கட்டி வச்சிருந்தா. வானம் வெளுத்துக் கிடக்கும், மானியில தண்ணி நிக்கும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் கத்துனா, அவ தேத்தண்ணிக் கோப்பையோட வந்து நின்னு சிரிப்பா.

"என் துணி சொட்டுனாலும் மழைதானேக்கா, எழுதிக்கங்க."

ஆனா, இன்னைக்கு எத்தனைன்னு தினம் கேக்குறதும் அவ ஒருத்திதான். என் வீட்டுக்காரர் போய்ச் சேந்துட்டாரு, மகன் கொழும்புல கடையில நிக்கிறான். சண்டையோ சிரிப்போ, அவ வாயைக் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி.

ஒரு ராத்திரி பேஞ்ச பெருமழைல சிவப்புக் கோடே முங்கிருச்சு. நான் முதல்ல தட்டுனது அவ கதவைத்தான். எல்லாரும் ஸ்கூலுக்கு ஏறிட்டோம். விடியுறதுக்குள்ள மண்ணு வந்து எதிர் லயத்து அடுப்படிக் குசினியெல்லாம் மூடிருச்சு. ஒரு உசுருக்கும் சேதமில்ல. பிறகு அந்த லயத்து ஆளுங்களுக்கு உக்குவளைப் பக்கம் வீடு குடுத்து அனுப்பிட்டாங்க. எங்க லயம் பாறை மேல நிக்குது, பயமில்லையாம். எங்க லயம்னா யாரு, நான் ஒருத்திதான். மத்தவங்க காம்பராவைப் பூட்டிட்டுக் கொழும்புக்குப் போய் எத்தனையோ காலமாச்சு. கதவைத் தட்டுனவளுக்கு இதான் மிச்சம், நல்ல நியாயம்.

இப்பவும் தினம் அளக்குறேன். ஆபீசுக்கு அனுப்புனா மறுபேச்சு கிடையாது. ஆரம்பத்துல அவ போன் பண்ணுவா, பிறகு அதுவும் குறைஞ்சுது. அவளைக் குத்தம் சொல்லக்கூடாது, புது இடம், கார்மென்ட் வேலை வேற. மழை நாளாவது தேவலாம், தகரத்துல சத்தம் கேக்கும். வெயில் நாள்ல சைபர். அந்தச் சைபரை நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?

போன கிழமை ஒரு காலைல பாத்தா, வானம் பளிச்சுன்னு இருக்கு, மானியில தண்ணி நிக்குது. என்னையறியாம வாய் வந்துருச்சு.

"அடியே, கொடியை மாத்திக் கட்டுன்னு எத்தனை தடவை சொல்றது!"

சத்தியமா, கத்துனதும் மனசு குளுந்து போச்சு. கோப்பையோட வருவான்னு எதிர் லயத்தைப் பாத்தேன். அவ கதவுல காட்டுக்கொடி ஏறிக் கிடந்துச்சு. நிமிந்தா, மேல தொங்குறது என் சீலை. முந்தின நாள் அந்தியில நானே துவைச்சு அவ கொடியில போட்டது.

ஆபீசுக்குச் சைபர்னு அனுப்புனேன். அந்தத் தண்ணியைக் கொட்டத்தான் எனக்கு மனசு வரல.