ஐந்து பெட்டிகளும் ஒரு மாமனாரும்

தொலைத்தொடர்பிலும் நெட்வொர்க்கிலும் மேல்படிப்பு படிக்கப்போகிறேன் என்று அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், இலவசமாக ரிப்பேர் பார்க்க ஆள் கிடைத்தாயிற்று என்று குடியிருப்பே முடிவு கட்டி, ஒயரக்கா என்று பெயரும் வைத்துவிட்டது. டிவி வரவில்லையா, கூப்பிடு ஒயரக்காவை. போன் சூடாகிறதா, கூப்பிடு ஒயரக்காவை. ஒருத்தி இஸ்திரிப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பகலில் ஆபீஸ், சாயங்காலம் வகுப்பு, நடுவில் பிள்ளை என்று நாய்படாத பாடு படுகிறவள், வந்தவர்களை விரட்ட ஒரே மந்திரம் வைத்திருந்தாள். "ஒரு தடவை அணைச்சுப் போடுங்க, சரியாயிடும்." பாதி நேரம் சரியாகியும் தொலைத்தது.

ஆய்வுக்காக மாடிக்கு ஒன்றாக ஐந்து ரவுட்டர் பெட்டிகளைப் படிக்கட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். ஒன்று வாங்கும் செய்தியை அடுத்ததற்குக் கைமாற்றும். செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒரு வாரம் அறுபடாமல் அளவெடுத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. இன்னொரு வருஷத்துக்கு அனுமதி கிடையாது என்று ஆபீசில் முகத்திலடித்த மாதிரி சொல்லியிருந்தார்கள்.

அளவோ தினமும் காலையில் அறுந்தது. ப்ரோகிராமைப் பிரித்துப் போட்டாள், திரும்ப எழுதினாள், தலையைப் பிய்த்துக்கொண்டாள். ஆய்வை மேற்பார்க்கும் கைடு வேறு, "ஒழுங்காத்தான் செய்றியாம்மா?" என்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார்.

கடைசியில் லீவு போட்டுவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலை நடை முடித்து மாமனார் ஏறி வந்தார். மூன்றாம் மாடிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார், கொஞ்சம் நின்றார், போட்டார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"நீதானேம்மா சொல்லுவ, அணைச்சுப் போட்டா சரியாயிடும்னு. உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு தினமும் அஞ்சையும் பண்ணிடறேன்."

"ஒத்தாசையா? என் படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே மாமா."

படிக்கட்டு அதிரக் கத்திவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் விளக்கு சுவிட்சைக்கூட அவர் தொடவில்லை. இருட்டினாலும் யாராவது வந்து போடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கைடிடம் நடந்ததையெல்லாம் கொட்டினாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு பெட்டி அணையறப்ப செய்தி அதைத் தாண்டி அடுத்த மாடிப் பெட்டிக்கு வழி கண்டுபிடிச்சுப் போகுதா, எவ்வளவு சீக்கிரம் போகுது? அதையே ஆய்வா எழுதும்மா. இன்னும் ஒரு வாரம், அதே நேரம், அதே மாதிரி, அதே ஆளே அணைக்கட்டும்."

அதே ஆளாம். சொல்வது சுலபம்.

"மாமா, நாளையிலேர்ந்து பழையபடி நீங்க அணைச்சுப் போடணும்."

"நானாப் பண்ணினா குத்தம், நீ கேட்டா ஆராய்ச்சியா?" அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரிடையரானதுலேர்ந்து இந்த வீட்ல யாரும் எனக்கு ஒரு வேலை சொன்னதில்லம்மா. நானாத் தேடிக்கிட்ட ஒரே வேலை அதுதான்."

அவள் எரிச்சல் அடங்கிவிட்டது. தனக்கோ செய்து மாளாத வேலை. ஒன்றையாவது இவரிடம் கொடுக்கலாம் என்று இத்தனை நாள் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

"இப்ப நான் கேக்கறேன் மாமா. நீங்க செஞ்சாத்தான் நான் பாஸ்."

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "செய்றேன். ஆனா நடுவுல வந்து தப்பு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

அடுத்த நிமிஷமே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். "நாளைக்குக் காலையிலதான் மாமா," என்று அவள் பின்னாலேயே ஓடவேண்டியதாயிற்று.