மாரடைப்பு என்று சொன்னார்கள்

அண்ணன் இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அண்ணியிடம் அதிகம் கேட்டது எண்ணெயைப் பற்றித்தான். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வட்ட மேசைகள் போட்டு, வேர்க்கடலையும் பாக்கெட் பானமும் வைத்திருந்தோம். வாரத்தில் எத்தனை நாள் ஆட்டிறைச்சி, குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றுவாயா, அவன் கேட்டபோதெல்லாம் பரோட்டா வாங்கிக் கொடுத்தாயா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் அசைத்தார். புருஷனைப் பறிகொடுத்தவர் அங்கே சமையல் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் தற்கொலை செய்துகொண்டார். இதை இப்படி நேராக எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. அன்று எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமிருக்கவில்லை. மின்தூக்கி கீழே வந்து சேர்வதற்குள் தாய்மாமா முடிவெடுத்துவிட்டார்: "யார் கேட்டாலும் ஹார்ட் அட்டாக்னு சொல்லுங்க." நம்மவர்கள் பலர் வீட்டில் நடப்பதுதான். குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொல்கிற பொய். மாமா நல்லவர், அண்ணனைத் தூக்கி வளர்த்தவர். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்ததையும் நான் கேட்டேன்.

பொய் சும்மா இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இருதய நோய் இருக்கிறதென்று எல்லோரும் நம்பினார்கள். அடுத்த வாரமே ஆண்கள் ஒவ்வொருவராகப் பலதுறை மருந்தகத்துக்குப் போய் இரத்தக் கொழுப்பைப் பரிசோதித்துக்கொண்டார்கள். நானும் போனேன். இருதயம் பிரமாதமாக இருக்கிறது என்று மருத்துவர் பாராட்டினார். அந்த வருடம் எனக்கு வேலை போயிருந்தது, தூக்கம் போயிருந்தது, அதற்கும் முன்பிருந்தே செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அதை அவர் கேட்கவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. இலையில் சோறு விழுந்திருந்தது. பெரியம்மா ஒருவர், நல்ல மனதோடுதான், "இனிமேலாச்சும் புள்ளைக்கு எண்ணெயக் கொறச்சுப் போடும்மா" என்றார். அண்ணி கையிலிருந்த சாம்பார் வாளியை மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"எண்ணெய் ஒண்ணும் செய்யல பெரியம்மா. அவரு ஹார்ட் நல்லாத்தான் இருந்துச்சு. அவரு தற்கொலை பண்ணிக்கிட்டாரு. ரொம்ப நாளா மனசு சரியில்லாம இருந்தாரு, யார்கிட்டயும் சொல்லல. இங்க யாருக்காச்சும் அப்படித் தோணுச்சுன்னா என்கிட்ட வந்து சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

யார் கையும் வாய்க்குப் போகவில்லை. மாமாதான் முதலில் பேசினார். "சின்னப் புள்ளைங்க இருக்காங்க லா. இதெல்லாம் பேசுனா அதுங்களுக்கும் அந்த நெனப்பு வந்துரும்."

"பேசாம இருந்தப்பவும் வந்துச்சே மாமா" என்றார் அண்ணி. பிறகு வாளியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பரிமாறினார்.

அன்று மாலை நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார். நான் இலையில் எதையுமே தொடவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். "தம்பி, உங்களுக்கும் சாகணும்னு தோணுதா?" என்று கேட்டார். பசிக்கிறதா என்று கேட்பதுபோல அத்தனை சாதாரணமாக. அப்படியொரு கேள்வி ஒருவனைப் படுகுழியில் தள்ளிவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் நம்பினார்கள். எனக்கோ, மாதக்கணக்கில் தனியாகச் சுமந்ததை ஒருவர் கைகொடுத்து இறக்கியதுபோல இருந்தது. ஆமாம் என்றேன். அவர் அழவில்லை, சத்தியம் வாங்கவில்லை, பெற்ற தாயை நினைத்துப்பார் என்று உபதேசிக்கவும் இல்லை. என்னைத் தன் வீட்டிலேயே தங்க வைத்து, மறுநாள் மருத்துவரிடம் கூட்டிப் போனார். மருந்து, ஆலோசகர், மறுபடியும் மருந்து என்று எனக்கு வெகுகாலம் பிடித்தது. ஆனால் பிழைத்தேன்.

அதன் பிறகு அந்தக் கேள்வி அண்ணியின் வழக்கமானது. அலுவலகத்தில் முகம் வாடியிருந்தவளிடம் கேட்டார், பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவரிடம் கேட்டார். சிலர் முறைத்தார்கள். "கோவப்பட்டா பரவால்ல, உசுரோட இருந்து கோவப்படட்டும்" என்பார்.

இந்த வருடம் அவர் மகன் தேசிய சேவைக்கு, கட்டாய இராணுவப் பயிற்சிக்குப் போனதும் அண்ணி வீட்டில் தனியாகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு வரச் சொன்னார். போனால் ஒரு பையை நீட்டினார். அவர் யாரையும் தொடவிடாத கிரைண்டர். "எனக்கெதுக்கு இனிமே, நீங்க வச்சுக்குங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அத்தனை அருமையாக வைத்திருந்ததை அப்படிக் கொடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மீன்கடைகளைத் தாண்டி, உணவுக்கடை மேசை ஒன்றின் முன் அவரை உட்காரவைத்துத் தேநீர் வாங்கி வந்தேன். இவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்று அப்போதுதான் யோசித்தேன். கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"அண்ணி, உங்களுக்குச் சாகணும்னு தோணுதா?"

தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "தோணுது தம்பி" என்றார் கடைசியில். "கொஞ்ச நாளாவே."

கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வீட்டில் அவருக்கு ஓர் அறை தயார் செய்யும்படி மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன். பேருந்தில் எனக்குத் தெரிந்த ஆலோசகரை அழைத்து, மறுநாள் காலைக்கு நேரம் கேட்டேன். மறைத்துப் பேசவில்லை, என்ன விஷயம் என்று சொல்லியே கேட்டேன். முன் இருக்கையிலிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி அழத் தொடங்கியிருந்தார். அண்ணன் போன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஆட்கள் பார்க்கிறார்களே என்று கைக்குட்டையை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "பாக்கட்டும்" என்றார்.