ஒரு வாரத்துக்கு வந்த வண்டி

என் வீட்டு அலமாரியில், தம்பியின் மாத்திரைகளுக்குப் பக்கத்தில், ஒரு பழைய பெல்ட் இருக்கிறது. சிவப்பு நாடா வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரமெல்லாம் நைந்து நூல் தொங்குகிறது. நடுவில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் கொக்கி மட்டும் இன்னும் கெட்டி. இரண்டு முனைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வருகிறவர்கள் இந்தக் குப்பையை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். காரில் போய் வருகிறவர்களுக்கு அது தினம் கேட்டுச் சலித்த சத்தம். எனக்கு அந்தச் சத்தத்தோடு மானாம்பதி பக்கத்து ஏரிக்கரை வந்துவிடும், கூடவே ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நடக்கும் அம்மாவும் வந்துவிடுவாள்.

அம்மாவின் இடது இடுப்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தம்பிக்கு ஆறு வயது வரை அதுதான் இருப்பிடம். பிறந்தபோது வெகுநேரம் அழாமல் கிடந்தவன் அவன். மூன்று வயதுக்கு மேல்தான் கழுத்தே ஓரளவு நின்றது. கால் நிற்கவில்லை, பேச்சும் வரவில்லை. அப்பா கட்டட வேலைக்கென்று வெளியூர்களிலேயே கிடந்தார். நடவோ களையெடுப்போ, அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடப்பாள். வாரம் இரண்டு நாள் அவனுக்குக் கைகால் பயிற்சி கொடுக்க உத்திரமேரூர் போக வேண்டும். டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு இரண்டு மைல். அதுவும் இடுப்பில்தான். கனத்த பிள்ளை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவனைப் பார்க்கப் பாவமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

நானும் தூக்கச் சொல்லி அம்மாவின் புடவையைப் பிடித்து இழுப்பேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கண்டக்டர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, “எடம் இல்ல, எடம் இல்ல. அடுத்த பஸ்ஸுல வாடி” என்பாள். நான் சிரித்துவிடுவேன். சிரித்துக்கொண்டே பின்னால் நடப்பேன். எத்தனையோ வருடம் அப்படியே நடந்தேன், அடுத்த பஸ் வரவேயில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம், பயிற்சி டீச்சர் ஆட்டோவில் அந்த வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். வெளிநாட்டில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று மூன்று சக்கரங்கள். மூன்றும் சைக்கிள் டயர் போலக் காற்றடித்தவை. தொட்டில் துணி மாதிரி குழிந்த இருக்கை, சிவப்பு பெல்ட். யாரோ தங்கள் பிள்ளை வளர்ந்துவிட்டதால் கொடுத்துவிட்டார்களாம். “கல்லு, முள்ளு, சேறு எல்லாத்துலயும் போவும்மா. ஒரு வாரம் வெச்சி ஓட்டிப் பாருங்க. ஒத்து வரலன்னா தயங்காம சொல்லுங்க. சாலவாக்கத்துல ஒரு பொண்ணு கீது, அதுக்குக் குட்த்துடலாம்” என்றார் டீச்சர். தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, ஐஸ் விக்கப் போறியா?” என்று கேட்டார். “ஆமா, ஒனக்கு ஒரு சேமியா ஐஸ் எடுத்து வெக்கறேன்” என்றாள் அம்மா.

வாயில்தான் கேலி. உள்ளுக்குள் அவளுக்குப் பயம். பிள்ளையின் கழுத்து ஒரு குலுக்கலில் மடங்கிவிட்டால்? அதனால் மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அவள் வண்டியில் முதலில் உட்கார வைத்தது தம்பியை அல்ல, ஒரு குடம் தண்ணீரை. விளிம்பு வரை நிரப்பி, பெல்ட்டைச் சுற்றிப் பூட்டினாள். பிளாஸ்டிக் குடம் கல்யாணப் பெண் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. “தண்ணி சிந்திச்சின்னா என் புள்ளயும் சிந்திப்பான்” என்று சொல்லி, தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஏரிக்கரை மேல் தள்ளிக்கொண்டு போனாள். தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. சக்கரத்தில் காற்றைச் சற்றுக் குறைத்தாள். இருக்கைக்கு அடியில் கோணிப்பை மடித்து வைத்தாள். மறுபடி தள்ளினாள். சிந்தவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. குடத்துக்கு வாய் இருந்தும் பேச்சில்லையே. என்னைப் பார்த்தாள். “நீ ஏறுடி. எப்டி கீதுன்னு நீதான் சொல்லணும்.”

எலும்பும் தோலுமாக இருந்தேன், இருக்கை எனக்குச் சரியாகவே இருந்தது. அம்மா குனிந்து பெல்ட்டைப் பூட்டினாள். டக். அவளுடைய முகம் அவ்வளவு கிட்டத்தில் வந்து போனது. வியர்வையும் சேற்றுவாசனையும் கலந்த அந்த மணம் என் மேல் கவிந்து விலகியது. பிறகு வண்டி நகர்ந்தது. ஒரு பக்கம் ஏரித்தண்ணீர், மறுபக்கம் பச்சை நெல், நடுவில் நான், எனக்காக மட்டும் அம்மா. கல்லின் மேல் ஏறி இறங்குவது தெரிந்தது, உடம்பு ஆடவில்லை. சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். மதகு வரை போய்த் திரும்பினோம். “இன்னாடி, எப்டி கீது?” என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இறக்கிவிடுவாள். நாளையிலிருந்து இதுவும் அவனுக்குத்தான்.

“தூக்கித் தூக்கிப் போடுதும்மா” என்றேன்.

மறுநாள் வைக்கோல் திணித்து மெத்தை மாதிரி ஆக்கி, என்னை உட்காரவைத்துத் தள்ளினாள். முதுகு குத்துகிறது என்றேன். அதற்கு மறுநாள் பழைய புடவையை நான்காக மடித்துப் போட்டாள். பகலெல்லாம் குனிந்து களை பிடுங்கிவிட்டு வந்தவள், மாலையில் என்னைத் தள்ளிக்கொண்டு கரையெல்லாம் நடந்தாள். நான் ராணி மாதிரி சாய்ந்துகொண்டு குறை சொன்னேன். சொல்ல வேறு குறை தீர்ந்துபோன நாளில், “கழுத்து வலிக்குதும்மா” என்று சொல்லிவிட்டேன்.

அந்த வார்த்தையின் கனம் எனக்குத் தெரியவில்லை. அம்மா அப்படியே நின்றுவிட்டாள். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஈரத்துணியால் சக்கரங்களைத் துடைத்து, சுவரோரம் வைத்தாள். “நமக்கு ஒத்து வராது. டீச்சராண்டயே குட்த்துடலாம். சாலவாக்கத்துப் பொண்ணாவது போவட்டும்” என்றாள். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வைத்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு எவ்வளவு நாளாக வலித்ததோ, அதுவரை நான் அந்த முகத்தைக் கவனித்ததே இல்லை.

கெடு முடிய ஒரு நாள் இருந்தது. வேலை விட்டு வரும்போது வாய்க்காலைத் தாண்டுகையில் அம்மாவின் கால் வழுக்கிற்று. விழுந்தாள். விழும்போதே இரண்டு கையாலும் தம்பியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஊன்றக் கையில்லாமல் முழங்காலும் தாடையும் கல்லில் மோதின. தம்பிக்கு ஒரு கீறல் இல்லை. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அம்மாவின் தாடையிலிருந்து ரத்தம் சொட்டியது. பின்னால் வந்துகொண்டிருந்த நான் ஓடிப்போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். “கழுத்து வலிக்கலம்மா. எதுவுமே வலிக்கல. பொய் சொன்னேன்.”

“ஏன்டி?”

“நல்லா கீதுன்னா எறக்கி வுட்டுடுவ இல்ல?”

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அவள் வாய்க்கால் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள், வெகுநேரம் கழுவினாள்.

அன்று மாலையே தம்பியை வண்டியில் வைத்தாள். இடுப்பை விட்டதும் அவன் வீறிட்டான். பெல்ட் ‘டக்’ என்றது, அழுகை நின்றது. அம்மா கொக்கியை விடுவித்து மறுபடி பூட்டினாள். கெக்கெக்கென்று சிரித்தான். வண்டி நகர்ந்ததும் அம்மாவின் முகத்தைக் காணோமென்று தேடினான். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, தலைகீழாக அவளைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் வண்டிதான் நேராகப் போகவில்லை, ஏரிப் பக்கமாகவே இழுத்தது. சக்கரத்தில் கோளாறு இல்லை. அம்மாவின் இடது கை பிடியில் நிற்காமல் இடுப்புக்குப் போய்ப்போய், அங்கே இல்லாத பிள்ளையைத் தாங்கிக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் தள்ளியது. அவளே அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

மதகுக்குப் பக்கத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். “பஸ் காலியா கீதுடி. ஏறு” என்றாள். ஒன்பது வயதுப் பெண்ணைத் தூக்கி, அந்த வலிக்கிற இடுப்பில் வைத்துக்கொண்டாள். என் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. இடது கை என்னைப் பிடித்திருந்தது, வலது கை வண்டியைத் தள்ளியது. இருபது அடி இருக்கும். “யப்பா, இன்னா கனம்” என்று இறக்கிவிட்டாள். என் வாழ்க்கையில் நான் போன பயணங்களில் அதற்கு ஈடாக இன்னொன்று இல்லை.

வண்டி எங்களிடமே இருந்தது. சாலவாக்கத்துப் பெண்ணுக்கு இன்னொன்று எப்போது கிடைத்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. தம்பி வளர்ந்து இருக்கை போதாமல் போனதும் டீச்சர் வண்டியை இன்னொரு குழந்தைக்கு எடுத்துப்போனார். நைந்த பெல்ட்டை மாற்றிப் புதிது போட்டபோது, பழையதை அம்மா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

அம்மா போய் நாலு வருடமாகிறது. கடைசி வரை அவள் இடுப்பு நேராகவில்லை. தம்பி இப்போது ஏனாத்தூர் பக்கத்தில் என்னோடு இருக்கிறான். மாலையில் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போவேன். சிமெண்ட் ரோடு, குடத்தை வைத்துத் தள்ளினாலும் ஒரு சொட்டு சிந்தாது. கிளம்பும் முன் அந்தப் பெல்ட்டை அவன் மடியில் போட்டுக் கொக்கியை அழுத்துவேன். டக். முப்பது வயது தாண்டியவன் கெக்கெக்கென்று சிரித்து, உடனே தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்ப்பான். அங்கே என் முகம் இருக்கும். சிரிப்பு மெல்ல அடங்கும்.

“அம்மா அடுத்த பஸ்ஸுல வரும்டா” என்று சொல்வேன். அவன் தெருமுனையைப் பார்ப்பான். சொன்ன நானும் பார்ப்பேன்.